சிவப்பு நூல் இல்லாத சட்டை

மார்ச் 2

சின்னவளுக்கு,

நீ தைத்து அனுப்பிய நான்கு சட்டையும் எனக்குப் பற்றவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பார்சல் வந்தது. கடை மூடும்வரை பொறுக்க முடியாமல் டிரையல் ரூமுக்குள் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் சட்டையில் மூன்றாவது பொத்தான் காஜா பக்கம் வரவே மாட்டேன் என்றது. இரண்டாவதைப் பூட்டிவிட்டேன், ஆனால் மூச்சு விட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும்போல இருந்தது. மூன்றாவதைக் கழற்றப் பில் போடும் அம்மா உள்ளே வர வேண்டியதாயிற்று. நான்காவதைத் தொடவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசியதை யாரும் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதினால் இரண்டு பக்கமும் கையில் காகிதம் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

மார்பு நாற்பது என்று தெளிவாக எழுதி அனுப்பியிருந்தேன். டேப் பிடித்து எடுத்த அளவு இல்லை, அதைவிட நம்பகமானது. இப்போது நான் போட்டிருக்கிற சட்டையின் லேபிளைப் பார்த்து எழுதினேன். உன் யூனிட்டில் தைத்த சட்டைதான். நாற்பது என்றிருக்கிறது, கையை வீசி நடக்க இடமும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் பூசினாற்போல் ஆகிவிட்டீர்கள் என்கிறார்கள். பூசினாற்போல் என்பது நான் கஸ்டமரிடம் சொல்கிற வார்த்தை. அதை எனக்கே விற்கப் பார்க்கிறார்கள். லேபிள் பொய் சொல்லாது.

இன்னொன்று. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், சந்தேகம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பார்சல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நான் போட்டிருக்கிற நாற்பது சைஸ் இருநூற்று அறுபது கிராம். நீ அனுப்பிய நாற்பது சைஸ் இருநூற்று இருபத்தெட்டு. இரண்டும் ஒரே கட்டுத் துணி. சட்டைக்கு முப்பத்திரண்டு கிராம் துணி எங்கே போயிற்று?

இருபத்திரண்டு வருஷமாக நீ வெட்டுகிறாய், நான் விற்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி பெரிய தெருவில் இரண்டாவது கடை. தலையில் மூட்டை வைத்து வீடு வீடாகக் கதவு தட்டியவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு நிற்கப் போகிறேன். அன்றைக்கு நான் போட்டிருக்கிற துணிதான் கடைக்கு விளம்பரம். பதில் உடனே வேண்டும்.

அங்கே எல்லாரும் நலம்தானே. உன் அண்ணன் நலம்.

இப்படிக்கு,
அண்ணி

*

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நலம் விசாரிப்பைக் கடைசி வரியில் வைத்திருந்தீர்கள், நான் முதலில் வைக்கிறேன். மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? படி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறதா?

இத்துடன் ஒரு பை வருகிறது. மிச்சத் துணியும் வெட்டுத் துண்டுகளும். குப்பைக்கூடையில் இருந்ததையும் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய துணி ஒரு கிலோ இருநூற்று முப்பது கிராம் என்று உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. சட்டை நான்கும் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. பை முந்நூற்று நாற்பது. கூட்டினால் இருபத்திரண்டு கிராம் கூடுதலாக வரும். அது பொத்தான், நூல், காலர் கேன்வாஸ். அவை என் வீட்டுச் சாமான்.

நாற்பது என்றீர்கள், நாற்பதுக்கு வெட்டினேன். கை தூக்க, உட்கார வேண்டிய லூஸ் வழக்கம்போல் விட்டிருக்கிறேன். ஒரு சின்ன வேண்டுகோள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் டேப்பை எடுத்து ஒரு தடவை உங்களைச் சுற்றிப் பிடியுங்கள். ஆபரேஷன் ஆன உடம்பு, அந்த மாத்திரை வேறு. என்ன நம்பர் வந்தாலும் அது எனக்குத் துணி வெட்டுகிற நம்பர் மட்டும்தான். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னவள்

*

மார்ச் 11

சின்னவளுக்கு,

பை வந்தது. நிறுத்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. அதுவே எனக்கு இடிக்கிறது. குப்பைக்கூடைக் கணக்கு கிராம் பிசகாமல் வந்ததை என் வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

டேப் பிடி என்கிறாய். டேப் இருந்தால்தானே. நேற்று நடந்ததை எழுதுகிறேன், நீயே சொல். மேஜை டிராயரில் எப்போதும் இரண்டு டேப் கிடக்கும். இரண்டும் இல்லை. கழுத்தில் போட்டுக்கொள்கிற மஞ்சள் டேப்பும் இல்லை. உன் அண்ணனைக் கேட்டேன்.

"டேப் எங்கங்க?"

"எந்த டேப்பு?"

"துணிக்கடைல எந்த டேப்பு இருக்கும்? ரோடு அளக்குற டேப்பா?"

"இங்கதான் கெடந்துச்சு. எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"மூணையுமா?"

"எலிக்கு எண்ணத் தெரியுமா என்ன."

முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். பொய் சொல்லும்போது அவர் இடது காதைத் தடவுவார். நேற்று இரண்டு காதையும் தடவினார். அண்ணனும் தங்கையும் ஏதோ பேசி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீ டேப் பிடி என்று எழுதுகிறாய், இங்கே டேப் காணாமல் போகிறது.

அடுத்த விஷயம். போன வாரம் எதிர்க்கடைக்காரர் ஷோகேஸில் ஒரு பச்சைச் சட்டை. காலர் முனையில் உன் இரட்டைத் தையல். அந்தத் தையலை இந்த ஊரில் வேறு யாரும் போடுவதில்லை. முப்பத்திரண்டு கிராம் எங்கே போயிற்று என்பதற்கு ஷோகேஸில் பதில் தொங்குகிறதோ என்று யோசிக்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுது.

நான் நாற்பதுதான். தினமும் காலையில் லேபிளைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

அண்ணி

*

மார்ச் 16

அண்ணிக்கு,

முதலில் காலர். அது என் தையல் இல்லை. என் தையலைப் பார்த்து யாரோ போட்டது. முனையைத் திருப்பிப் பாருங்கள், நான் மூன்று தடவை பின்னுக்கு ஓட்டிப் பூட்டுவேன், அவர்கள் அறுத்து விட்டிருப்பார்கள். ஆனால் கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். எதிர்க்கடைக்காரர் ஆறு மாதமாக ஆள் அனுப்பிக் கேட்கிறார். சட்டைக்கு நீங்கள் கொடுக்கிற முந்நூற்று அறுபதுக்கு மேல் அறுபது கூடுதல் தருகிறாராம். ஆறு மாதமாக முடியாது என்று சொன்னேன். உங்கள் கடிதம் வந்த அன்று யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்து எடை. இருநூற்று அறுபது கிராம் நாற்பதின் எடையே இல்லை, அண்ணி. அது நாற்பத்திநாலின் எடை. வெட்டுகிறவளுக்குக் கை சொல்லும்.

இத்துடன் ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முந்தியது, உங்கள் கையெழுத்து. எழுதினால் கையில் காகிதம் இருக்கும் என்றீர்களே, இருந்தது. நீங்கள் எழுதியது இதுதான்: "பின்பக்க ஸ்டாண்டுக்குத் தைக்கிற பெரிய சைஸ் எல்லாவற்றுக்கும் லேபிளில் நான்கு குறைத்துப் போடு. வாங்க வருகிறவள் கண்ணாடியை நம்ப மாட்டாள், நம்பரை நம்புவாள். நம் ஆட்களுக்கு அடையாளம் தெரியக் கீழ் மடிப்பின் உள்ளே ஒரு சிவப்பு நூல் தையல் போடு. மார்புக்கு டார்ட் மடிப்பெல்லாம் வேண்டாம், நேரமாகிறது. நேராக வெட்டு." அன்றிலிருந்து அப்படித்தான் தைத்து அனுப்புகிறேன்.

நீங்கள் போட்டிருக்கிற சட்டையின் கீழ் மடிப்பைத் திருப்பிப் பாருங்கள்.

அண்ணனிடம் டேப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எலி விஷயம் எனக்கும் புதிதுதான்.

என் குப்பைக்கூடையை யாரும் இதுவரை நிறுத்துப் பார்த்ததில்லை. அந்தப் பையைக் கட்டும்போது எனக்கு எப்படி இருந்தது என்பதைக் காகிதத்தில் எழுத வராது.

சின்னவள்

*

மார்ச் 19

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த கையோடு மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூல் இல்லை. பீரோவில் இருக்கிற மற்ற ஐந்தையும் வெளியே போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. பின்பக்க ஸ்டாண்டு ஏற்பாடு என்னுடையதுதான், மறக்கவில்லை. அந்தச் சட்டை என் உடம்புக்கு எப்படி வரும்? நூல் இல்லாதபோது அது முன்பக்கச் சட்டை. முன்பக்கச் சட்டை என்றால் லேபிள் உண்மை. லேபிள் உண்மை என்றால் நான் நாற்பது. இதற்கு நீ என்ன சொல்கிறாய்?

மேலே உள்ளதை மத்தியானம் எழுதினேன். கவரும் எழுதிவிட்டேன். ஒட்டவில்லை. சட்டையை மறுபடி எடுத்து, சாளேசரக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ் மடிப்பின் உள்ளே, பக்கத் தையலிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வரிசையாக ஆறு ஊசித் துளை. நூலை யாரோ பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஆறு சட்டையிலும் அதே இடம். ஒன்றில் துணியும் லேசாகக் கீறியிருந்தது. கத்தரி பிடிக்கத் தெரியாத கை.

நம் வீட்டில் கத்தரி பிடிக்கத் தெரியாதவர் ஒருவர்தான்.

ஆறு சட்டையையும் கட்டில்மேல் துளை தெரியும்படி வரிசையாகப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் உள்ளே வந்தார், பார்த்தார். காதைத் தடவக் கை போயிற்று, பாதியில் இறக்கிவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"நீ ஒன்பது நாள் கடைக்கு வரலை பாரு, அப்பலேர்ந்து."

"எனக்கு உடம்பு முடியலை, வரலை."

"உடம்பு முடியாம இல்ல. நீலச் சட்டையில பொத்தான் தெறிச்சுது. அதை எடுத்துக் குப்பையில போட்டுட்டுப் படுத்தே. ஒன்பது நாள் எந்திரிக்கலை. கஸ்டமர் வந்து அம்மா எங்கேன்னு கேக்கறாங்க, நான் என்னத்தச் சொல்ல?"

"அதுக்கு?"

"பின்பக்க ஸ்டாண்டுல ஒண்ணு எடுத்தேன். நூலப் பிரிச்சேன். துவைச்சு மடிச்சு பீரோவுல வெச்சேன். நீ லேபிளப் பார்த்தே. எந்திரிச்சு வந்துட்டே."

"டேப்பு?"

"அரிசி டப்பால இருக்கு."

பதினோரு வருஷத்தில் எத்தனை பெண்களை அந்த நம்பரைக் காட்டிக் கடையிலிருந்து சந்தோஷமாக அனுப்பியிருப்பேன். ஒருத்தியாவது வீட்டுக்குப் போய் மடிப்பைத் திருப்பியிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அவரிடம் கோபப்பட்டேன். ரொம்ப நேரம் ஓடவில்லை. எடுத்ததற்கெல்லாம் பில் போட்டு வைத்திருக்கிறார், அந்த மனுஷன். என் கடையில் திருடக்கூடத் தெரியவில்லை.

அரிசி டப்பாவிலிருந்து டேப்பை எடுத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அளந்தேன். நம்பவில்லை. இன்னொரு டேப்பால் அளந்தேன். மூன்றாவதாலும் அளந்தேன். மூன்றும் ஒரே சொல்லாகச் சொல்கின்றன. மார்பு நாற்பத்திநாலு, இடுப்பு முப்பத்தொன்பது, கீழே நாற்பத்தேழு. எழுதிவிட்டேன். இனி அழிக்க முடியாது.

உன் குப்பைக்கூடையை நிறுத்தது தப்பு. இதை நான் எந்த வியாபாரியிடமும் எழுதிக் கொடுத்ததில்லை, உனக்குக் கொடுக்கிறேன். வைத்துக்கொள்.

மாசக் கடைசிக்குள் எதிர்க்கடைக்காரருக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவும் செய்கிறேன்.

அண்ணி

பி.கு.: இந்த உடம்புக்கு எது போட்டால் நன்றாக இருக்கும்? இருபத்திரண்டு வருஷம் துணி விற்றவள் கேட்கிறேன், சிரிக்காதே.

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு மட்டும் சிரித்தேன்.

அண்ணனைத் திட்டாதீர்கள். சின்ன வயதில் என் பாவாடையில் அறுந்த ஊக்கைத் தைத்துக் கொடுக்கிறேன் என்று பாவாடையைத் தன் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்தவர். ஆறு சட்டையில் நூல் பிரிக்க எத்தனை நாள் உட்கார்ந்தாரோ.

உங்கள் பின்குறிப்புக்குப் பதில். உடம்பை மறைக்க நினைத்துப் போடுகிற சட்டைதான் உடம்பைப் பெரிதாகக் காட்டும். பின்பக்க ஸ்டாண்டில் நீங்கள் நேராக வெட்டச் சொன்னது எல்லாம் அந்த ரகம். மார்புக்குப் பொருந்துகிற அகலத்திலேயே தோளையும் வெட்டினால் தோள் தையல் கைமேல் வந்து தொங்கும், பார்க்கிறவருக்கு ஆளே அந்த அகலம் என்று தோன்றும். தோள் உங்கள் பழைய தோள்தான், அது மாறவில்லை. அங்கே பிடித்து வைத்து, மார்புக்குப் பக்கத்தில் ஒரு டார்ட் போட்டு, இடுப்புக்கு மேல் கொஞ்சம் உள்ளே வாங்கி, அப்புறம் தாராளமாக விட வேண்டும். கழுத்து கூராக இறங்கட்டும். மார்பில் பை வேண்டாம். பேனாவுக்கு என்ன செய்வேன் என்பீர்கள், பக்கவாட்டுத் தையலில் பை வைத்துத் தருகிறேன். விறைப்பான துணி வேண்டாம், விழுகிற துணி அனுப்புங்கள். கறுப்பு வேண்டாம். துக்கத்துக்குப் போகவில்லை, கடை திறக்கப் போகிறீர்கள். உங்கள் நிறத்துக்கு அடர்ந்த பச்சை. மேலே முட்டிவரை ஒரு திறந்த கோட், பொத்தான் இல்லாமல். முன்னால் இரண்டு நீள விளிம்பும் நேராக இறங்கும், கண் அதோடு இறங்கும்.

காகிதத்தில் வந்த அளவுக்கு நான் இனி வெட்ட மாட்டேன். ஏப்ரல் ஆறாம் தேதி நானே வருகிறேன். டேப் என்னுடையது.

எதிர்க்கடைக்காரர் விஷயம். உங்கள் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. இருபதாம் தேதியே நான் சரி சொல்லிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள். வாய்ச்சொல்தான் கொடுத்தேன், ஆனால் கொடுத்த சொல். உங்கள் வரிகளைப் படித்துவிட்டுத் தையல் மிஷின்மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. பிறகு, நீங்கள் நிறுக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

மீதி நாட்கள் உங்களுக்குத்தான். ஆனால் டார்ட் இல்லாமல் யாருக்கும் வெட்ட மாட்டேன், ஐம்பது சைஸாக இருந்தாலும். அதற்கு நேரம் ஆகும், கூலியும் ஆகும். வரும்போது பேசுவோம்.

அன்புடன்,
சின்னவள்

*

ஏப்ரல் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

வாரம் இரண்டு நாள் எதிர்க்கடைக்கு என்று நீ எழுதியதைப் படித்தபோது இரண்டு நாள் என் முகம் சரியாக இல்லை. அன்றைக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் பதில் போடவில்லை. நீ ஆறாம் தேதி வந்தபோதும் நான் அதிகம் பேசவில்லை. நீ என்னைச் சுற்றி டேப்பைப் பிடித்து, நம்பரை வாய்விட்டுச் சொல்லாமல், உள்ளங்கையில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். கடையில் அழுவது வியாபாரத்துக்கு நல்லதில்லை.

நேற்று முன்தினம் கடை திறந்தது. பச்சைச் சட்டையும் திறந்த கோட்டும் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவருகே காலை எட்டிலிருந்து நின்றேன். உட்கார்ந்தேன், குனிந்தேன், மேல் தட்டிலிருந்து பெட்டி இறக்கினேன், ஒரு பொத்தானும் முறைக்கவில்லை. உன் அண்ணன் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்கேன்?"

"கடைக்கு முதலாளியம்மா மாதிரி இருக்கே."

"இத்தனை நாள்?"

"இத்தனை நாள் கடைக்கு வந்த மூட்டை மாதிரி இருந்தே."

காதைத் தடவவில்லை, கவனித்தேன்.

பதினோரு வருஷமாகப் பின்பக்க ஸ்டாண்டில் மட்டுமே வாங்குகிற டீச்சர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க போட்டிருக்கறதுல எனக்கு இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு நான் விற்ற எந்தச் சட்டையையும் பார்த்து அவர் அப்படிக் கேட்டதில்லை. "என்ன சைஸ் எடுக்கறீங்க?" என்றேன். "நாப்பத்திரண்டு." "இல்ல டீச்சர், நீங்க நாப்பத்தாறு. நான் நாப்பத்திநாலு," என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். என் சட்டையின் பக்கத் தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அதான் வேற கடைல எதுவுமே பத்த மாட்டேங்குதா," என்றார். அவருக்கு ஒரு பச்சை, ஒரு மெரூன். தோள் பதினைந்து அங்குலம். அளவுச் சீட்டு இத்துடன்.

புதுக் கடையில் பின்பக்க ஸ்டாண்டு கிடையாது. எல்லா சைஸும் முன்னால்.

நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று பேசி முடித்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பு. உன்னை நம்பாமல் இல்லை. என்னைப் பிறகு நான் நம்ப வேண்டுமே.

லேபிளில் உள்ள அளவே சட்டையின் அளவு. சிவப்பு நூல் இனி இல்லை. எந்த சைஸுக்கும் டார்ட் உண்டு. வாரத்தில் நான்கு நாள் எனக்கு, இரண்டு நாள் எதிர்க்கடைக்கு, அந்த இரண்டு நாளைப் பற்றி நான் கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீ வந்து என்னை அளப்பாய், கூடினாலும் குறைந்தாலும். மிச்சத் துணி உன்னுடையது. சட்டைக்குக் கூலி நானூற்று இருபது. நிறுத்துப் பார்ப்பதில்லை.

அண்ணி